இரண்டு கைகளுக்கு ஒரு பிடி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கடை போட்டோஸ்டாட் இயந்திரத்தின் கண்ணாடி மேல் வைத்த ஒரு கையிலிருந்து வந்தது.

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் என்ற ஊரில் எனக்கு ஒரு சின்னக் கடை. நகல் எடுப்பது, விண்ணப்பப் பாரம் நிரப்பித் தருவது, பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போடுவது என்று பகல் போகும். ஆள் வராத நேரத்தில் கதை எழுதுவேன். போன ஆண்டு ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, தேயிலைத் தோட்டத்துத் துணைப் போலீஸ் சீருடையில் ஒரு பெண் வந்து நின்றார்.

"அக்கா, கைய போட்டோஸ்டாட் எடுக்க முடியுமா?"

"என்ன பாரம்மா?"

"பாரம் இல்லக்கா. கை. என் கை." வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "பெருசு பண்ணாம, சின்னதாக்காம, உள்ளது உள்ளபடி வேணும்."

இந்த இயந்திரத்தில் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், கோயில் நோட்டீஸ் எல்லாம் எடுத்திருக்கிறேன். ஒருமுறை கியா பார்ம் காய்கறித் தோட்டங்களிலிருந்து வந்த ஒருவர், பூச்சிமருந்துக் கடையில் காட்டுவதற்காகப் பூச்சி அரித்த கோஸ் இலையை நகல் எடுத்துக்கொண்டு போனார். கை இதுதான் முதல் தடவை. கண்ணாடி மேல் அவர் கையை வைத்தபோது பார்த்தேன்: கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள கவை கன்றிப்போய், ஓரம் மஞ்சளாக இருந்தது.

"யாராச்சும் அடிச்சாங்களா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாதுதான்.

"துப்பாக்கிதான் அடிச்சுச்சு" என்றார்.

துப்பாக்கியின் பிடியை மாற்றப்போகிறார்களாம். மலைக்குக் கீழே ஈப்போ நகரில் இருக்கும் ஆயுதப் பழுதுபார்ப்பவர் கை அளவு கேட்டிருக்கிறார். போனில் படம் அனுப்பினால் அளவு மாறிவிடும் என்று சொல்லிவிட்டாராம். இவரே தாளில் கையை வைத்துச் சுற்றிவரக் கோடு போட்டுப் பார்த்திருக்கிறார். பென்சிலை இடது கையில் பிடிக்க வேண்டியிருந்ததால் கோடு கோணலாகிப்போனது. "பாத்தா இஞ்சி மாதிரி இருக்குக்கா."

அவர் பெயரை மாற்றி, சசிரேகா என்று வைத்துக்கொள்கிறேன்.

2

தொடக்கங்கள்.

மூடுபனி தேயிலைச் சரிவுகளில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்த அதிகாலையில், துப்பாக்கியின் குளிர்ந்த இரும்பு

(நிறுத்திவிட்டேன். கேமரன் மலை என்றாலே எல்லாரும் பனியில்தான் தொடங்குகிறார்கள். அன்றைக்கு நல்ல வெயில். காய்கறி லாரி ஒன்று பழுதாகி, கீழே தாப்பாவுக்கு இறங்கும் சாலை ஒரு மணி நேரம் அடைத்துக் கிடந்தது.)

சசிரேகா மூன்று முறை சுட்டாள். உரக் கிடங்கின் பின்சுவரில் ஏறியிருந்த திருடன்

இதைப் பதினோரு பக்கம் எழுதினேன். கதைக்குள் ஒரு துப்பாக்கி வந்தால் அது யாரையாவது சுட வேண்டும் என்று எனக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. இரண்டாம் முறை கடைக்கு வந்தபோது சசிரேகாவிடம் படிக்கக் கொடுத்தேன். நின்றபடியே எல்லாவற்றையும் படித்தார்.

"ஏன்கா என்னை ஒருத்தனைச் சுட வச்சீங்க?"

"கதைதானே."

"ஏழு வருஷம் இதை இடுப்புல கட்டியிருக்கேன். ஒருத்தர் மேலயும் நீட்டுனதில்ல. நான் சுடறதெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவ தேர்வு, அதுக்கு முன்னாடி பயிற்சி, எல்லாம் அட்டையில. அதுவே சரியா விழ மாட்டேங்குதுன்னுதான் இவ்வளவு பாடு."

அந்தப் பதினோரு பக்கமும் போனது. முதல் வரைவில் 'அவள்' என்றுதான் எழுதியிருந்தேன். பிறகு 'அவர்' என்று மாற்றினேன். நேரில் நின்று படித்துப் பார்த்து, காரணத்தோடு தப்புச் சொன்னவரை 'அவள்' என்று எழுதக் கை வரவில்லை.

3

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

சசிரேகாவுக்கு முப்பத்தெட்டு வயது. தேயிலைத் தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டு இலை சலித்துவிட்டு, பிறகு துணைப் போலீசில் சேர்ந்தார். கணவர் யோகேந்திரன் கியா பார்மிலிருந்து காய்கறி லாரி ஓட்டுகிறார். சசிரேகா தோட்டத்து உரக் கிடங்கு, தொழிற்சாலை வாசல், அலுவலகம் மூன்றையும் பகலில் பார்த்துக்கொள்கிறார். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் தனேஸ் என்பவர் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்வார். இருவருக்கும் மேலே சார்ஜன் காளியண்ணன்.

துப்பாக்கி மட்டும் ஆளுக்கொன்று இல்லை. இரண்டாம் எண் ரிவால்வர் பகலில் சசிரேகாவிடம், மூன்று மணிக்கு மேல் தனேஸிடம்.

ஆண்டுக்கொரு முறை மலைக்குக் கீழே உள்ள சுடுதிடலுக்குப் போய் முப்பது தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும். இருபது குறிப்பலகையில் பட்டால் தேர்ச்சி. முந்தைய ஆண்டு சசிரேகாவுக்குப் பதினாறுதான். இன்னொரு முறை தவறினால் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு, கடற்கரைப் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து வாசலில் தடுப்புக் கம்பம் தூக்கி இறக்கும் வேலைக்கு மாற்றிவிடுவார்கள். யோகேந்திரனின் லாரி இங்கே, மகள் பள்ளியில் ஐந்தாம் படிவம் படிப்பது இங்கே.

சின்னத் துப்பாக்கி மெதுவாகத்தான் உதைக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேர்மாறாம். எடை குறைவாக இருப்பதால் உதைப்பு முழுவதையும் கைதான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதை எங்கே, எப்படி வாங்குவது என்பதைத்தான் பிடி தீர்மானிக்கிறது.

இரண்டாம் எண்ணில் இருந்தது பருத்த மரப்பிடி. பல ஆண்டுகளுக்கு முன் முனியாண்டி என்ற காவலருக்காகப் போட்டது. அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், அவர் கை அளவு மட்டும் துப்பாக்கியில் தங்கிவிட்டது. சசிரேகாவின் விரல் விசையை எட்ட வேண்டும் என்றால் மணிக்கட்டைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும். அப்போது உதைப்பு முன்கை வழியாகப் போகாமல் நேராகக் கட்டைவிரல் மூட்டில் போய் இறங்கும்.

"முதல் அஞ்சு தோட்டா நல்லாத்தான் போகும்கா. ஆறாவதுலேர்ந்து கைக்குத் தெரிஞ்சிடும். நான் விசைய இழுக்கறதுக்கு முன்னாடியே கண்ணு மூடிக்குது. நான் மூடல, அதுவா மூடுது."

இந்த வரிக்காகத்தான் இந்தக் கதையை விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவருக்குச் சத்தத்தைக் கண்டு பயமில்லை. அடுத்து வரப்போகும் வலியைத்தான் கை ஞாபகம் வைத்திருந்தது.

4

கை நகல் ஈப்போ போய்ச் சேர்ந்தது. பத்து நாள் கழித்துப் பழுதுபார்ப்பவர் வீரப்பன் மாதாந்திரச் சோதனைக்கு வந்தபோது மூன்று ஜோடிப் பிடிகளைத் துணியில் சுற்றி எடுத்துவந்திருந்தார். அலுவலகத்தில், தோட்டா போடாத துப்பாக்கியில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார்கள். எனக்கு இதையெல்லாம் சொல்லும்போது சசிரேகா என் கடைப் பசைப் புட்டியைப் பிடித்தபடியே சொன்னார்.

ஒன்று, மெலிந்த மரப்பிடி. விரல் விசையைத் தாராளமாக எட்டியது. ஆனால் மேல்பக்கம் கத்திபோல ஒடுங்கியிருந்தது. ஏற்கெனவே கன்றியிருந்த கவைக்குள் அது வெட்டும் என்று பார்த்ததுமே தெரிந்தது.

இரண்டாவது ரப்பர்ப் பிடி, முதுகுப்பக்கம் திறந்தது. இரும்பு நேரே உள்ளங்கையில் படும்.

மூன்றாவதும் ரப்பர். முதுகையும் மூடியிருந்தது, ஆனாலும் தடிமன் இல்லை. விரல்கள் பதிய மூன்று பள்ளங்கள். பிடித்ததும் கைகுலுக்கியது போல இருந்ததாம்.

"இதுதான்" என்றார் சசிரேகா.

வீரப்பன் மாட்டிக்கொடுத்துவிட்டு, கழற்றிய பழைய மரப்பிடியை அலுவலகத்திலேயே வைத்துவிட்டுப் போனார். பிடியின் ஓரத்தில் ஒரே ஒரு திருகாணி. கழற்றி மாட்ட இரண்டு நிமிடம் ஆகாது. ஆனால் அந்தத் திருகாணியைத் தொட வீரப்பனுக்கு மட்டும்தான் அனுமதி.

இங்கே நான் சார்ஜன் காளியண்ணனைக் கெட்டவராக எழுதியிருந்தேன். "பொம்பளை கைக்கு இது சரிப்படாது" என்று அவர் சொல்வதாக ஒரு வசனம்கூட இருந்தது. சசிரேகா அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"அவரு அப்படிச் சொல்லலக்கா."

"மனசுல நினைச்சிருப்பாரு இல்ல?"

"மனசுல நினைச்சதுக்கெல்லாம் கதையில பேச வைக்கலாமா? அவரு ரூல்ஸ் ஆளு. முன்ன ஒருத்தரு தானா பிடி மாத்தி, திருகாணி லூஸாகி, சுடறப்ப பாதி பிடி கழண்டு கீழ விழுந்துடுச்சாம். அதுக்கு இவருதான் விளக்கக் கடிதம் எழுதுனாரு. அதிலேர்ந்து பயம்."

சரி. காளியண்ணன் கெட்டவர் இல்லை. (இதனால் கதையில் எதிரி என்று யாரும் இல்லாமல் போனார்கள். ஒரு வாரம் எழுதாமல் இருந்தேன்.)

5

பயிற்சிக்காகச் சுட்டபோது, கைகுலுக்கிய பிடி கடித்தது.

பள்ளங்கள் யாரோ ஒருவரின் விரல்களுக்கு ஏற்ப அமைந்தவை. சசிரேகாவின் நடுவிரலும் மோதிர விரலும் பள்ளத்தில் உட்காராமல் மேட்டின் மேல் உட்கார்ந்தன. சும்மா பிடித்திருக்கும்போது அது தெரியவில்லை. ஒவ்வொரு தோட்டாவுக்கும் மேடு விரலில் இடித்தது. பன்னிரண்டு தோட்டாவில் நிறுத்திவிட்டார்.

"மூணு பிடியையும் கையில வச்சி வச்சிப் பாத்தேன். ஒண்ணுலகூட ஒரு தோட்டா சுட்டுப் பாக்கல. செருப்புக் கடையில உக்காந்துக்கிட்டே செருப்பு போட்டுப் பாத்த மாதிரி ஆயிடுச்சு."

பழைய மரப்பிடிக்கே திரும்பிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தார். பிறகு வீரப்பனுக்குப் போன் செய்தார்.

"அண்ணே, அந்த மேட்டை மட்டும் எடுத்துட முடியுமா?"

"ரப்பரை அரம் போட முடியாதும்மா, பிஞ்சிடும். மணல்தாள்ல தேச்சா போகும். பாக்க அசிங்கமா இருக்கும்லா."

"நான் அதைப் பாக்கவா போறேன், பிடிக்கத்தானே போறேன்."

வீரப்பனின் மணல்தாளில் மூன்று மேடும் போயின. கறுப்பு ரப்பர் சாம்பல் நிறமாகி, சொரசொரப்பாக, யாரும் கடையில் காசு கொடுத்து வாங்காத ஒரு பொருளாக ஆனது. அடுத்த பயிற்சியில் முப்பது தோட்டாவையும் சுட்டார். இருபத்து மூன்று பட்டது. அன்று மதியமே கடைக்கு வந்து, வலது கையை என் முன்னால் நீட்டி விரித்துக் காட்டினார். கவை கொஞ்சம் சிவந்திருந்தது. அவ்வளவுதான்.

"கடைசித் தோட்டாவுக்கும் கண்ணு திறந்தே இருந்துச்சுக்கா" என்றார். "அட்டையில ஓட்டை விழறதை இப்பதான் நான் பாக்கறேன்."

கதை இங்கே முடிந்திருக்கலாம். தலைப்புகூட வைத்துவிட்டேன்: 'திறந்த கண்'. கொஞ்சம் அலங்காரமாக இருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தேன்.

6

தனேஸைப் பற்றி இதுவரை ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன். சசிரேகாவும் அதுவரை அவரைப் பற்றி நினைக்கவில்லை என்பதால் நானும் எழுதவில்லை.

தனேஸுக்கு முப்பத்தொரு வயது. கியா பார்மில் தக்காளிக் கூடாரத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர், அப்போது இங்கே சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்த ஆண்டுச் சுடும் தேர்வுதான் அவருக்கு முதல் தேர்வு. தவறினால் வேலை நிரந்தரமாகாது. மனைவி துளசிக்கு ஏழு மாதம்.

தேர்வுக்கு எட்டு நாள் இருக்கும்போது, மூன்று மணிக்குத் துப்பாக்கியைக் கைமாற்றிக் கையெழுத்துப் போடுகையில், தனேஸின் நடுவிரலில் பிளாஸ்டர் ஒட்டியிருப்பதை சசிரேகா பார்த்தார்.

"என்னா ஆச்சு?"

"தக்காளி கட்டற கம்பி கிழிச்சிடுச்சுக்கா. லீவு நாள்ல அங்க போவேன்ல."

"கம்பி விரல் முட்டியிலயா கிழிக்கும்? அவுத்துக் காட்டு."

அவர் அவிழ்க்கவில்லை. சசிரேகாவே அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பெரிய கை. சாம்பல் நிறப் பிடியைச் சுற்றி அந்த விரல்களை அவர் மனதில் வைத்துப் பார்த்தார்: சுண்டுவிரலுக்கு இடமில்லை, நடுவிரலின் முட்டி நேராக விசையைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையத்தின் பின்னால். ஒவ்வொரு தோட்டாவுக்கும் அந்த வளையம் பின்னால் வந்து முட்டியில் அடிக்கும்.

"பயிற்சியில எத்தனை பட்டுச்சு?"

"பதினாலு."

"பழைய கட்டையில சுட்டப்ப?"

தனேஸ் கையை விடுவித்துக்கொண்டார். "இருபத்தி ஆறு" என்றார். "பரவால்லக்கா. பழகிடும்லா."

முனியாண்டியின் பிடி தனேஸுக்கு அளந்து செய்தது போல இருந்திருக்கிறது. சசிரேகா தன் கைக்கு வழி தேடிக்கொண்டிருந்த இரண்டு மாதமும் தனேஸ் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

(இந்தப் பகுதியை எழுதும்போது தனேஸ்மேல் எனக்குக் கோபம் வந்தது. சொல்லியிருந்தால் என்ன? பிறகு நினைத்துப் பார்த்தேன். மூன்று மாத வேலைக்காரர், ஏழு வருடம் இருப்பவரிடம் போய் 'உங்கள் பிடி எனக்கு வேண்டாம்' என்று எப்படிச் சொல்வார்?)

7

சசிரேகா காளியண்ணனிடம் போனார்.

"சார்ஜன், ரெண்டு பிடியும் வச்சிக்கலாம். எனக்கு ஒண்ணு, தனேஸுக்கு ஒண்ணு. ஷிப்ட் மாறறப்ப மாத்திக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை."

"யாரு மாத்தறது? வீரப்பன் தினமும் ஈப்போவுலேர்ந்து வருவாரா?"

"நீங்க மாத்துங்க."

"எனக்கு அனுமதி இல்ல சசி."

"எழுதிக் கேளுங்க."

"கேக்கலாம். பதில் வர ஒரு மாசம் ஆகும். தேர்வு அடுத்த வியாழன்." தேர்வுப் பாரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "பாரு, ஒரு துப்பாக்கிக்கு ஒரு கட்டம்தான் அடிச்சிருக்கான். எந்தப் பிடின்னு நீயே எழுதிக் குடு. எதை எழுதறியோ அதுல ரெண்டு பேரும் சுடணும். நான் கேள்வி கேக்க மாட்டேன்."

அந்தப் பாரத்தை நிரப்ப அவர் என் கடைக்குத்தான் வந்தார். மற்ற கட்டங்களையெல்லாம் நானே நிரப்பினேன்: பெயர், எண், தோட்டம், தேதி. பிடி என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தினேன்.

"என்ன எழுத?"

நாற்காலியில் உட்கார்ந்தார். முன்பெல்லாம் உட்கார்ந்ததில்லை.

"மரம்னு எழுதினா தனேஸுக்கு வேலை நிக்கும். நான் கீழ போயிடுவேன். ரப்பர்னு எழுதினா நான் நிப்பேன். அவரு மறுபடி தக்காளிக்குப் போவாரு. துளசிக்கு இன்னும் ரெண்டு மாசம்."

"நீ என்ன நினைக்கிற?"

"நல்லவளா இருக்கணும்னா மரம்னு எழுதணும், இல்லையா?"

எழுதுகிறவள் நான், அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர் நினைத்திருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் ஒன்றுமே தெரியவில்லை. கதைக்கு 'மரம்' நன்றாக இருக்கும் என்று மட்டும் தோன்றியது. தோன்றியதற்கு வெட்கப்பட்டேன்.

"ரப்பர்னு எழுதுங்கக்கா" என்றார். "ஏழு வருஷம் வேற ஒருத்தர் கைக்கு செஞ்ச பிடியில வலிச்சிக்கிட்டே சுட்டேன். யாரும் எனக்காக எதையும் கட்டத்துல எழுதல."

எழுதினேன். பாரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, "நாலு நாள் இருக்கு" என்றார். எதற்கு நாலு நாள் என்று சொல்லவில்லை.

8

வியாழக்கிழமை. தோட்டத்து வேனில் மூன்று பேரும் கீழே இறங்கினார்கள். சுடுதிடலில் இரும்புக் கூரை போட்ட ஒரு கொட்டகை, நாலு பெஞ்சு, ஒரு தண்ணீர்த் தொட்டி. கீழே வெக்கை. மலையில் போட்டுப் பழகிய தடித்த சட்டை சீக்கிரமே நனைந்துவிட்டது.

சசிரேகா முதல் வரிசையில். முப்பது தோட்டா, இருபத்து நாலு. கையெழுத்துப் போட்டார். துப்பாக்கியை வெறுமையாக்கி, அடுத்த வரிசை வரும்வரை வைக்கும் மேசையில் வைத்தார்.

அடுத்த வரிசை இருபது நிமிடம் கழித்து. அதில்தான் தனேஸ். திடல் அதிகாரிகள் குறிப்பலகை அட்டைகளை மாற்றக் கடைசிவரை நடந்து போனார்கள். மேசைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: சசிரேகா, தனேஸ், காளியண்ணன்.

தனேஸ் சுட்டார். இருபத்தொன்று. தேர்ச்சி.

மாலை தோட்டத்துக்குத் திரும்பி, இரண்டாம் எண்ணை இரும்புப் பெட்டியில் வைக்கும்போது அதில் சாம்பல் நிற ரப்பர்ப் பிடிதான் இருந்தது, பாரத்தில் எழுதியிருந்தபடியே. இவை எல்லாம் பதிவேட்டில் உள்ளவை. எழுதுவதில் ஆபத்தில்லை.

9

அந்த இருபது நிமிடத்துக்கு மூன்று வடிவங்கள் எழுதினேன்.

ஒன்றில், சசிரேகா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகிறார். அவர் பையில் பழைய மரப்பிடியும், பிரிஞ்சாங் சந்தையில் வாங்கிய ஒரு சின்ன திருப்புளியும். நாலு நாளாகக் கண்ணை மூடிக்கொண்டே மாட்டிக் கழற்றிப் பழகி

இரண்டாவதில், யாரும் எதையும் தொடவில்லை. தனேஸ் பிளாஸ்டர் மேல் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு சுடுகிறார். பதினெட்டாவது தோட்டாவில் ரத்தம். நிறுத்தவில்லை. பக்கத்தில் நிற்கும் சசிரேகா ஒவ்வொன்றையும் எண்ணுகிறார்.

மூன்றாவதில், காளியண்ணன் எழுந்து வருகிறார். "ரெண்டு பேரும் போயி டீ குடிச்சிட்டு வாங்க" என்கிறார். அவ்வளவுதான் வசனம்.

மூன்றையும் சசிரேகாவிடம் கொடுத்தேன். இந்த முறை உட்கார்ந்துதான் படித்தார். மூன்றாவதைப் படிக்கும்போது மட்டும் சிரித்தார். அந்தச் சிரிப்பு 'இப்படியும் நடக்குமா' என்பதா, 'உங்களுக்கு எப்படித் தெரிந்தது' என்பதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"எது நெசம்?"

"மூணையும் போடுங்கக்கா."

"வாசிக்கிறவங்க கேப்பாங்க."

"கேக்கட்டும். முதலாவது நெசம்னு போட்டா என் வேலை போகும். மூணாவதுன்னு போட்டா சார்ஜன் வேலை. ரெண்டாவதுன்னு போட்டா..." தாளைக் கீழே வைத்தார். "அப்படிப் போட்டா நான் அங்க நின்னு அதைப் பாத்துக்கிட்டிருந்தேன்னு ஆகும். அதுக்கு என் வேலை போனாலும் பரவால்லை."

ஒரு மாதம் கழித்து, குழந்தையின் பிறப்புப் பத்திரத்தை நகல் எடுக்க தனேஸ் கடைக்கு வந்தார். குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். ஐந்து பிரதி. எண்ணிக் கொடுக்கும்போது அவர் நடுவிரலைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. முட்டியில் ஒரு தழும்பு இருந்தது. பயிற்சியில் பட்டதா, தேர்வில் பட்டதா என்று தழும்பைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஆகவே எட்டாம் பகுதியில், இரண்டு வரிசைக்கும் நடுவே, இருபது நிமிடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், நாலாவது ஒன்று தோன்றினால் அதுவும் சரி. ஒரே ஒரு வேண்டுகோள். எழுதியதை யாரிடமும் காட்டாதீர்கள். மூன்று பேரும் இன்னும் வேலையில் இருக்கிறார்கள்.